படியேறிய லிஃப்ட் சார்

அந்த ஏழு மாடிக் கட்டடத்துக்குப் படிக்கட்டு என்று ஒன்று இருப்பதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. தீயணைப்புத் துறைக்காரர்களின் மனம் கோணக் கூடாது என்று கட்டி வைத்திருக்கிறார்கள் என்பார். ஐந்தாம் மாடியில் வீடு. இருபத்திரண்டு வருடமாக ஏறுவதும் இறங்குவதும் லிஃப்ட்டில்தான். ஒரு மாடி கீழே போய், இரவல் கொடுத்த ஸ்பேனரைத் திரும்பக் கேட்பதற்குக்கூடப் பொத்தானை அழுத்திவிட்டுக் கைகட்டிக் காத்திருப்பார்.

சோம்பேறித்தனம் என்று நினைத்தால் தப்பு. அது அவருக்கு மானப் பிரச்சினை. அந்த லிஃப்ட்டைப் பொருத்தியவரே அவர்தான். முப்பத்தைந்து வருடம் அதே தொழில். சமையல்காரர் தன் சட்டியை மூடி வைத்துவிட்டுப் பக்கத்துக் கடையில் போய்ச் சாப்பிட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? படியில் கால் வைப்பதை அவர் அப்படித்தான் நினைத்தார். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் 'லிஃப்ட் சார்'. ஒருவர் புதிதாகக் குடிவந்தால், பெட்டி படுக்கையை இறக்குவதற்கு முன்னால் இவருடைய பிரசங்கத்தைக் கேட்டாக வேண்டும்.

"நாலு கம்பிவடம் தொங்குது. ஒண்ணே போதும். மத்த மூணும் உங்க பயத்துக்காகப் போட்டது. லிஃப்ட் அறுந்து செத்தவன் ஒருத்தனைக் காட்டுங்க பாப்போம். படியில வழுக்கிப் போய்ச் சேந்தவன் பேரு நாலு நான் சொல்றேன்."

யாரும் கேட்டதில்லை. இருந்தாலும் நாலு பேரையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் விடுவார்.

அறுபத்தேழாவது வயதில் அவருக்குப் புரோஸ்டேட்டில் புற்றுநோய் என்றார்கள். சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டோம், எலும்புக்குப் பரவவில்லை, கதிர்வீச்சு கொடுத்துக் கட்டுப்படுத்தலாம் என்றார்கள். ஆனால் அது ஆண் சுரப்பைத் தின்று வளரும் நோய். ஆகவே தீனியை நிறுத்த மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. தீனி நின்றது. கூடவே வேறு சிலவும் நின்றன, சில புதிதாகத் தொடங்கின. வயிறு முன்னால் வந்தது. தோள் சதை எங்கே போனதென்று தெரியவில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும்போதே உடம்புக்குள் யாரோ அடுப்பை மூட்டியதுபோலக் குப்பென்று வியர்த்தது.

மனைவி ஈரத்துண்டோடு வந்து நின்றாள். அவள் எதையும் மறக்கிற பிறவி அல்ல.

"எனக்கு அம்பது வயசுல இதேதான் வந்துச்சு. அப்ப என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்னேன்?"

"'ஜன்னலைத் திற, எல்லாம் மனசுதான்'னு சொன்னீங்க. இப்ப ஜன்னலைத் திறக்கட்டுமா?"

அவர் துண்டை வாங்கி முகத்தை மூடிக்கொண்டார். பதினைந்து வருடம் கழித்து வந்து சேர்ந்த பதில், அதுவும் ஈரத்துண்டோடு. நியாயம் தாமதமாக வந்தாலும் வசதியாகவே வருகிறது.

விஷயம் இந்த வீட்டைத் தாண்டக் கூடாது என்பது இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம். நோயை மறைக்கிறவர்கள் எல்லோரும் ஏதோ உயர்ந்த காரணம் சொல்வார்கள். இவருடைய காரணம் எளியது. உடம்பில் எந்த இடத்தில் என்று அடுத்த கேள்வி வரும். அதைச் சொன்னால் என்ன ஊசி என்று கேட்பார்கள். அதையும் சொன்னால் எதிரில் இருப்பவன் முகம் ஒரு மாதிரி மாறும். அந்த முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பயப்படுகிறவர்களுக்கெல்லாம் தைரியம் சொல்லிவந்தவர், இப்போது பிறர் சொல்லும் தைரியத்தைக் கேட்டுத் தலையாட்ட வேண்டுமா? முக்கியமாக மனைவியின் தம்பிக்குத் தெரியவே கூடாது. அந்த லிஃப்ட்டை இப்போது பராமரிக்கும் மெக்கானிக் அவன்தான். நல்ல வேலைக்காரன். ஆனால் அவனிடம் ஒன்றைச் சொல்வதும் வீட்டு வாசலில் ஒலிபெருக்கி கட்டுவதும் ஒன்று.

ஆறு மாதம் கழித்து டாக்டர் எலும்பின் அடர்த்தியைப் படமெடுத்துப் பார்த்தார்.

"இடுப்புல கொஞ்சம் லேசாகியிருக்கு. இந்த ஊசி செய்யற வேலைதான். இப்படியே விட்டா ஒரு தடவை தடுக்கி விழுந்தாலே போதும், இடுப்பு முறிஞ்சிடும்."

"நான் தினமும் வாக்கிங் போறேன் டாக்டர்."

"போங்க, இதயத்துக்கு நல்லது. எலும்புக்கு அது மட்டும் பத்தாது."

"நீச்சல் கத்துக்கட்டுமா?"

"தண்ணி உங்களைத் தாங்கிக்கும். எலும்பு சும்மா மிதக்கும். அதுக்கு வேணுங்கறது பாரம். மாத்திரை எழுதறேன், ஆனா உடற்பயிற்சி அறையில இருக்கற அம்மாவைப் பாக்காம வீட்டுக்குப் போகக் கூடாது."

அந்த அறை ஆஸ்பத்திரியின் இரண்டாம் தளத்தில் இருந்தது. வாசலில் லிஃப்ட்டுக்கு நேராக ஒரு நாற்காலியைப் போட்டு, லிஃப்ட்டில் வருகிறவர்களை முறைப்பதற்கென்றே உட்கார்ந்திருந்தாள் பயிற்சியாளர். நாற்பதை நெருங்கும் வயது. குரல் பள்ளிக்கூட மணிபோல இருந்தது. ரிப்போர்ட்டை வரிவரியாகப் படித்தாள்.

"எலும்புக்குப் பரவலைன்னு போட்டிருக்கு. நல்லது. பரவியிருந்தா உங்களைக் குதிக்க விட்டிருக்க மாட்டேன்."

"நான் எதுக்கும்மா குதிக்கணும்?"

"சொல்றேன். முதல்ல அந்தச் சேர்ல கை ஊணாம உட்கார்ந்து எழுந்திருங்க. பத்து தடவை."

ஏழாவது தடவை தொடை நடுங்கியது. முப்பத்தைந்து வருடம் இரும்பு தூக்கிய தொடை. பத்தாவது தடவை நாற்காலியே இவரைப் பார்த்து இரக்கப்பட்டு எழுந்து வந்ததுபோல இருந்தது.

"எலும்பு சுத்தச் சோம்பேறி சார்," என்றாள் அவள். "வேலை குடுத்தா உறுதியா இருக்கும். குடுக்கலைன்னா மூட்டை கட்டிட்டுக் கிளம்பிடும். சுமக்கணும், ஏறணும், கொஞ்சம் அதிர்ச்சியும் குடுக்கணும். ஒத்தைக் காலுல நிக்கப் பழகணும், அப்பத்தான் விழ மாட்டீங்க."

இது அவரை உண்மையிலேயே புண்படுத்தியது. பாரத்தைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்பதுதான் அவர் அறிந்த ஒரே சாஸ்திரம். எந்த உருளையும், எந்தத் தாங்கியும், எந்தக் கம்பிவடமும் அதை மீறியதில்லை. இவர் லிஃப்ட்டில் எழுதியிருக்கும்: எட்டு பேர், 544 கிலோ. அதற்கு மேல் ஏற்றினால் தேயும். இங்கே ஒருத்தி, பாரம் ஏற்றாவிட்டால் தேயும் என்கிறாள். அறுபத்தேழு வருடமாகத் தான் சுமந்து திரியும் பொருள் எந்த விதிப்படி இயங்குகிறது என்பதை இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மனிதன் தன்னைத் தவிர மற்றதையெல்லாம் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்கிறான்.

"உங்க வீடு எத்தனாவது மாடி சார்?"

"அஞ்சு."

"அடடா, பிரமாதம்! வீட்டுக்குள்ளயே ஜிம்மை வெச்சுகிட்டு இருக்கீங்க."

அவர் முகம் போன போக்கை அவள் கவனிக்கவில்லை.

ஒரு மாதம் ஆஸ்பத்திரியிலேயே நாற்காலி, சுவர், குதிகாலைத் தூக்கித் தொம்மென்று இறக்குவது. அதன் பிறகு வீட்டுப் படிக்கட்டு, வாரத்துக்கு மூன்று நாள். கைப்பிடியை ஒட்டியே ஏற வேண்டும்; முதலில் வெறும் கை, பழகியதும் முதுகில் பை. அதுவும் பழகியதும், கடைசிப் படியிலிருந்து இரண்டு காலையும் சேர்த்துத் தரையில் ஒரு குதி.

முதல் நாள், கட்டடம் மதியச் சாப்பாட்டில் இருக்கும் இரண்டு மணிக்குக் கிளம்பினார். சொந்த வீட்டில் திருடப் போகிறவர்போல. மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. வெளியே வந்தவர் வக்கீல். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் அவரே.

"என்ன லிஃப்ட் சார்! படியில?"

"சும்மா."

மாட்டிக்கொண்டது அந்த ஒரு சொல்லில்தான். பல்பு ஏன் எரிகிறது என்று கேட்டால் மின் நிலையத்திலிருந்து ஆரம்பிக்கிற மனிதர், ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து போகிறார். வக்கீல் முப்பது வருடம் குறுக்கு விசாரணை செய்தவர். எந்தச் சாட்சி எந்த இடத்தில் வாயை மூடுகிறான் என்பது அவருக்கு அத்துப்படி. அவர் திரும்பி லிஃப்ட்டைப் பார்த்தார். பிறகு படியைப் பார்த்தார். பிறகு, மெல்ல, தானும் படியிலேயே இறங்கினார்.

சில வாரம் கழித்துக் காவலாளி தன் பங்குக்குத் தகவல் சேர்த்தான். "ஐயா கடைசிப் படிக்கு வந்ததும் குதிக்கிறாருங்க. குதிச்சிட்டு அப்படியே நின்னு எதையோ யோசிக்கிறாரு." அவர் யோசித்தது முழங்கால் இடத்தில் இருக்கிறதா என்றுதான். கட்டடம் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது: தரை அதிர்கிறதா என்று சோதிக்கிறார், அஸ்திவாரத்தில் ஏதோ இருக்கிறது, லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் இறங்குகிறது. கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், 'பெரியவர்கள் காரணமில்லாமல் எதையும் செய்வதில்லை' என்று எழுதினார். இருபத்திரண்டு வருடத்தில் அவரை யாரும் அவ்வளவு மரியாதையாகக் குறிப்பிட்டதில்லை.

மீதியைப் பை பார்த்துக்கொண்டது.

பையில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு கிலோவில் ஆரம்பியுங்கள் என்றுதான் பயிற்சியாளர் சொல்லியிருந்தாள். தண்ணீர் பாட்டில் சுமப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலை என்று அவருக்குத் தோன்றியது. பால்கனி மூலையில், என்றைக்கோ எந்தக் கட்டடத்திலோ கழற்றிய லிஃப்ட் சாமான்களை ஞாபகார்த்தமாக வைத்திருந்தார். தேய்ந்த பிரேக் கட்டை இரண்டு, உருளை நாலு, ஒரு முழத்துக்குக் கம்பிவடத் துண்டு. ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்று தராசு இல்லாமலே சொல்வார். அவற்றைப் பழைய துணியில் சுற்றிப் பையில் போட்டார். இருபது வருடமாக 'இந்தக் குப்பை எப்ப போகும்' என்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி, அது வாரத்துக்கு மூன்று நாள் மாடியேறிப் போய்விட்டுத் திரும்பி வருவதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஒரு மதியம், மூன்றாம் மாடித் திருப்பத்தில் பையின் வார் அறுந்தது. அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். சாமான்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. உருளைகள் ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல், டங், டங் என்று இறங்கின. பிரேக் கட்டை சறுக்கிக்கொண்டு போய் வக்கீல் வீட்டு வாசலில் நின்றது. கதவு திறந்தது.

வக்கீல் அதை எடுத்துப் புரட்டினார். "இது லிஃப்ட்டோடதா?"

"ஆமா."

"பிரேக்கா?"

"ஆமா. தேஞ்சது."

"தேஞ்சதா!"

"ஐயோ, இது வேற லிஃப்ட் சார்."

"வேற லிஃப்ட்டோட பிரேக்கை நீங்க எதுக்கு முதுகுல கட்டிகிட்டு இந்த மாடியேறணும்?"

உண்மையைத் தவிர வேறு எந்தப் பதிலும் இந்தக் கேள்விக்குப் பொருந்தாது. அந்த ஒன்றைத்தான் அவர் சொல்லத் தயாராக இல்லை. உருளைகளைப் பொறுக்கிக்கொண்டு மேலே போனார். அன்று சாயங்காலத்துக்குள் கட்டடம் லிஃப்ட்டைக் கைவிட்டது. முதல் மாடிக்காரர்கள்கூட, இதுவரை அதில் ஏறியே பழக்கமில்லாதவர்கள், இனி ஏறுவதில்லை என்று அறிவித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து மைத்துனன் வீட்டுக்கு வந்தான். கையில் கருவிப் பை, நெற்றியில் கிரீஸ்.

"மாமா, ஊரே சிரிக்குது. நான் பாக்கற லிஃப்ட்டுக்குப் பயந்து நீங்க படியில போறீங்களாமே?"

"யார் சொன்னா?"

"யார் சொல்லலைன்னு கேளுங்க. காவல்காரன் என்னை மேலேயும் கீழேயும் பாக்கறான். ஞாயித்துக்கிழமை கூட்டமாம். லிஃப்ட்டைப் பூட்டிட்டு வேற கம்பெனிக்காரனைக் கூப்பிடப் போறாங்களாம்."

"லிஃப்ட்ல ஒண்ணும் இல்லடா."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது. மூணு தடவை பிரிச்சுப் பாத்துட்டேன். பிரேக்கைப் பாத்தேன், வடத்தைப் பாத்தேன், குழியில இறங்கிப் பாத்தேன்." அவன் குரல் இறங்கியது. "என் கண்ணுக்குத் தெரியாதது உங்க காதுக்குக் கேட்டிருக்கும்னுதான் நினைக்கிறேன். தப்பு பண்ணியிருந்தா அறைஞ்சு சொல்லுங்க மாமா. இப்படிப் பேசாம படியேறிக் காட்டாதீங்க."

வாயாடி என்று பெயரெடுத்தவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் உடம்பில் அந்த அடுப்பு மூண்டு, நெற்றி நனைந்தது. மைத்துனன் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டான். மாமா தன் தவறைச் சொல்லச் சங்கடப்பட்டு வியர்க்கிறார். "சரி, நாலாவது தடவையும் பிரிக்கிறேன்," என்று பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

கதவைச் சாத்திய மனைவி அங்கேயே நின்றாள்.

"ஒரு வழி இருக்கு," என்றாள். "நாளையிலேர்ந்து பேசாம லிஃப்ட்ல போங்க. எல்லாரும் அடங்கிடுவாங்க."

"எலும்பு?"

"அப்ப வாயைத் திறங்க."

"எல்லாரும் என்னைப் பரிதாபமா பாப்பாங்க."

"இப்ப எல்லாரும் என் தம்பியைத் திருடனைப் பாக்கற மாதிரி பாக்கறாங்க. அது உங்களுக்குப் பரவாயில்லையா?"

அவர் ஜன்னலைத் திறக்கப் போனார். வேறு பதில் இல்லாதபோது ஆண்கள் திறக்கும் ஜன்னல்களால்தான் வீடுகளில் காற்றோட்டம் இருக்கிறது.

சனிக்கிழமை ஏழாம் மாடிவரை ஏறினார். அங்கே டீச்சர் நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து, தனியாக இருப்பவள். மடியில் கைப்பை, காலில் வெளியே போகும் செருப்பு.

"எங்கயாவது கிளம்பறீங்களா டீச்சர்?"

"கிளம்பி ஒம்போது நாள் ஆச்சு. தினமும் செருப்பைப் போட்டுகிட்டு இதுவரைக்கும் வரேன். மூட்டுக்குப் பயிற்சி, மூணு தடவை விட்டுப் போச்சு. கால் திரும்ப இறுகுது." அவள் மூடியிருந்த லிஃப்ட் கதவைக் காட்டினாள். "உள்ள போகப் பயமா இருக்கு. படியில இறங்க முடியல. நீங்க சொல்லுங்க சார், அது பத்திரமா இல்லையா? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"பத்திரமாத்தான் இருக்கு."

"அப்ப நீங்க ஏன் சார் இப்படி நாக்கு தள்ள ஏறி வரீங்க?"

தன் எலும்பைக் காப்பாற்ற இவர் ஏறும் ஒவ்வொரு படியும் மேலே ஒருத்தியின் மூட்டை இறுக்கிக்கொண்டிருந்தது. நல்ல கணக்குதான். அவள் முகத்தைப் பார்க்காமல் இறங்கினார். அன்று கடைசிப் படியில் குதிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டன. மைத்துனன் தூணோரம் கருவிப் பையோடு நின்றான்; யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை. வக்கீல் எழுந்து, தேய்ந்த பிரேக் கட்டையை எல்லோரும் பார்க்க மேசையில் வைத்தார். அதைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் இவருக்கு நினைவு வந்தது.

"லிஃப்ட்டை விட ஆபத்து படிதான்னு இந்தக் கட்டடத்துல சொல்லாத நாளே இல்லாதவர் நம்ம லிஃப்ட் சார். அவரே இப்ப அந்த ஆபத்து தேவலைன்னு படியில போறாருன்னா, லிஃப்ட்டோட நிலைமை என்ன? இதுக்கு மேல நான் என்ன சாட்சி கொண்டு வரணும்?"

நாற்காலிகள் தலையாட்டின. தன்னுடைய வாக்குமூலத்தாலேயே தான் தோற்கடிக்கப்படுவதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வாதத்தில் ஓட்டையே இல்லை. இப்படிப்பட்ட பழுதில்லாத தர்க்கத்தால் உலகத்தில் எத்தனை நல்ல லிஃப்ட்டுகள் பூட்டப்பட்டிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

எழுந்தார். "நாலு கம்பிவடம் தொங்குது," என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி இருமினாள்.

"லிஃப்ட்ல ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் இருக்கு."

"என்ன இருக்கு?" என்றார் வக்கீல்.

"கேன்சர். புரோஸ்டேட்ல. அதுக்கு மூணு மாசத்துக்கு ஒரு ஊசி. அந்த ஊசி ஆம்பளைச் சுரப்பை நிறுத்திடும். அது நின்னா எலும்பு கரையும். கரையாம இருக்கணும்னா பாரம் ஏத்தணும்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க. அதனால பழைய இரும்பைக் கட்டிகிட்டு ஏறறேன். குதிக்கறதும் அதுக்குத்தான், பைத்தியம் பிடிச்சு இல்ல. இந்தப் பையன் இந்த லிஃப்ட்டை எப்படி வெச்சிருக்கான்னா, நான்கூட அவ்வளவு நல்லா வெச்சிருந்ததில்ல."

பேசி முடித்தார். கதவு மூடிய பிறகு லிஃப்ட் கிளம்புவதற்கு முன் ஒரு கணம் இருக்குமே, அப்படி ஒரு கணம் கட்டடம் முழுக்க நின்றது. இத்தனை மாதமாக அவர் பயந்த அந்தப் பார்வை இதோ வரப்போகிறது. அதைத் தாங்கத் தோளை நிமிர்த்திக்கொண்டார்.

இரண்டாம் மாடி அம்மா கையைத் தூக்கினாள்.

"அப்போ... லிஃப்ட் நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கும்மா."

"அப்பாடா!" என்றது கூட்டம். ஒரே குரலில், மனதார. இரண்டு பேர் எழுந்து அப்போதே பொத்தானை அழுத்தப் போனார்கள். ஒருவர், 'பத்து நாளாக என் முழங்கால் பட்ட பாடு' என்று ஆரம்பித்தார்.

அவருக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. எந்தப் பரிதாபத்துக்குப் பயந்து ஒரு நல்ல மெக்கானிக்கைக் குற்றவாளியாக நிற்க வைத்தாரோ, அந்தப் பரிதாபத்துக்கு அங்கே யாருக்கும் நேரமே இருக்கவில்லை. நம்முடைய பெரிய ரகசியங்களுக்கு நாம் கொடுக்கும் மதிப்பை உலகமும் கொடுக்கும் என்று நினைப்பது ஒருவகைத் தற்பெருமை.

பரிதாபம் அப்புறம் வந்தது, அறிவுரை வேஷத்தில். முட்டை ஓட்டைப் பொடி பண்ணிச் சாப்பிடச் சொன்னார் ஒருவர். நீச்சல்தான் சிறந்தது என்றார் இன்னொருவர். "தண்ணி தாங்கிக்கும் சார், எலும்பு சும்மா மிதக்கும்," என்று இவர் ஆரம்பித்து, எலும்பு ஏன் சோம்பேறி என்பதைக் கால் மணி நேரம் விளக்கினார். கேட்டவர் தப்பிக்க வழி பார்த்தார். லிஃப்ட் சார் பழைய நிலைமைக்குத் திரும்பிவிட்டார் என்று எல்லோருக்கும் நிம்மதி.

மைத்துனன் மட்டும் தூணோரம் அப்படியே நின்றான். கிரீஸ் துணியால் முகத்தைத் துடைத்ததில் கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மோட்டாரை நாலு தடவை பிரிச்சிருக்க மாட்டேன் மாமா."

"சொல்லியிருந்தா ஊருக்கே தெரிஞ்சிருக்கும்."

"இப்ப மட்டும் என்னவாம்?" என்றவன், சற்றுக் கழித்து, "வலிக்குதா?" என்று கேட்டான்.

அந்தக் காலையில் அதைக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

"தொடை மட்டும்," என்றார்.

மறுநாள் டீச்சரைக் கூட்டிக்கொண்டு அவரே லிஃப்ட்டில் இறங்கினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கைப்பையைக் கட்டிப் பிடித்திருந்தாள். நாலாம் மாடி தாண்டியதும் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"உங்களுக்கு எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லியிருக்காங்க?"

"பத்து. மூணு சுத்து."

"எனக்கு எட்டுதான்," என்றாள் டீச்சர், தோற்றுப்போன குரலில்.

அன்று அவர் ஐந்து மாடியையும் கொஞ்சம் வேகமாகவே ஏறினார்.

அந்த வாரமே வக்கீல் ஓர் அறிவிப்பைத் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, லிஃப்ட்டுக்குள் 'எட்டு பேர், 544 கிலோ' தகட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார்: 'ஐந்தாம் மாடி லிஃப்ட் சார் படிக்கட்டைப் பயன்படுத்துவது அவருடைய எலும்புகளின் நலன் கருதி மட்டுமே. அதற்கும் இந்த லிஃப்ட்டின் நிலைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. – செயலாளர்.' மனைவிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் தெரிந்திருந்த விஷயத்தை இப்போது பார்சல் கொண்டுவருகிறவர்கள் கீழ்த்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்குள் படித்து முடித்துவிடுகிறார்கள். அவர் அதை முதலில் பார்த்தபோது வெகு நேரம் முறைத்தார். பிறகு, கோணலாக ஒட்டியிருந்ததைப் பிரித்து நேராக ஒட்டினார். தன் லிஃப்ட்டில் எதுவும் சாய்ந்திருக்கக் கூடாது.

முதல் படமெடுத்து ஒரு வருடம் ஆனதும் மறுபடி எடுத்தார்கள். டாக்டர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"குறையல," என்றார்.

மனைவி முன்னால் நகர்ந்தாள். "கூடலையா டாக்டர்? ஒரு வருஷமா இரும்பைச் சுமந்துகிட்டு ஏறியிருக்காரே!"

"இந்த ஊசியைப் போட்டுகிட்டுக் குறையாம இருக்கறதே பெரிசும்மா. எல்லாருக்கும் இப்படி அமையாது. மாத்திரையை விடாதீங்க, படியையும் விடாதீங்க."

வெளியே வந்ததும் அவள், "அவ்வளவுதானா?" என்றாள். அவருக்கு மட்டும் அதில் குறையொன்றும் தெரியவில்லை. அவர் வாழ்நாளெல்லாம் செய்தது இந்த வேலையைத்தான். அறுந்து விழாத லிஃப்ட்டுக்காக எவரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. ஒவ்வொரு வருடமும் சோதித்து, எதுவும் நடக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். எதுவும் நடக்காமல் இருப்பதற்கு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பது கையெழுத்துப் போடுகிறவனுக்குத்தான் தெரியும்.

வீடு திரும்பியதும் லிஃப்ட்டுக்குள் போனார். உள்ளே ஆண்டுச் சோதனை அட்டையில் மைத்துனனின் கிறுக்கல் கையெழுத்து, அதற்கு மேல் 'திருப்தி'. பக்கத்தில் வக்கீலின் அறிவிப்பு. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அறிவிப்பின் கீழே, பிளாஸ்டிக் உறைமேல் அழுத்தி அன்றைய தேதியைப் போட்டார். 'ஆண்டுச் சோதனை: குறையவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மனைவி உள்ளே வந்து அதைப் படித்தாள்.

"இப்ப இதை ஊரே படிக்குமே, பரவாயில்லையா?"

"படிக்கட்டும்."

"சரி, நான் மேல போய்க் கதவைத் திறந்து வைக்கிறேன். கைப்பிடியைப் பிடிச்சுகிட்டு வாங்க," என்று அவள் ஐந்தை அழுத்தினாள்.

அவர் வெளியே வந்து, காவலாளியிடம் விட்டுப்போயிருந்த இரும்புப் பையை முதுகில் மாட்டி, வாரை இழுத்துச் சரிபார்த்தார். மூடிய கதவுக்குப் பின்னால் லிஃப்ட் கிளம்பும் சத்தத்தை, அது சரியாகத்தான் கேட்கிறது என்று உறுதியாகும்வரை நின்று கேட்டார். பிறகு முதல் படியில் காலை வைத்தார்.